கழுத்தைச் சுற்றிய கொடியா, முந்தி வந்த கொடியா? அஞ்செட்டி மலைக் கிராமங்கள் உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

‘கொடி சுத்திப் பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாது’ என்ற பேச்சைக் கேட்காத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. மாமன் குழந்தையை நேராகப் பார்க்காமல், முதலில் எண்ணெயில் தெரியும் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று சடங்கு செய்யும் வீடுகள் இன்றும் உண்டு. இப்போது அதே பயம் ஸ்கேன் ரிப்போர்ட் வழியாக வருகிறது. ‘கழுத்தில் ஒரு சுற்று கொடி’ என்று ஒரு வரி இருந்தால் போதும், அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

ஆனால் மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது வேறு ஒரு நிலையைப் பார்த்து. பனிக்குடம் உடைந்ததும் குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி வெளியே நழுவி வருவதுதான் அது. அரிதாகத்தான் நடக்கும். நடந்துவிட்டால் நிமிடக் கணக்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய அஞ்செட்டி போன்ற மலைப் பகுதிக்கு அந்த நிமிடக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

தொப்புள்கொடி என்ன வேலை செய்கிறது?

பிறக்கும் நேரத்தில் தொப்புள்கொடியின் நீளம் சராசரியாக 50 முதல் 60 செ.மீ. இருக்கும். உள்ளே மூன்று ரத்தக் குழாய்கள். ஒன்று நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்சிஜனும் சத்தும் நிறைந்த ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுவரும். மற்ற இரண்டும் கழிவு ரத்தத்தைத் திருப்பி அனுப்பும். இவற்றைச் சுற்றி ஜெல்லி போன்ற வழவழப்பான திசு இருக்கிறது. கொடி முறுகினாலும் மடங்கினாலும் குழாய்கள் நசுங்காமல் காப்பது அதுதான்.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை மூக்கால் மூச்சு விடுவதில்லை. அதற்கு நுரையீரல், சாப்பாடு, தண்ணீர் எல்லாமே இந்தக் கொடிதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தச் சிக்கல் பெரிது, எது சின்னது என்பது எளிதில் புரியும்.

கழுத்தில் கொடி சுற்றினால் மூச்சு முட்டுமா?

முட்டாது. குழந்தை கழுத்து வழியாகக் காற்றை இழுப்பதில்லை என்பதால், பெரியவர்களுக்குக் கழுத்தில் கயிறு இறுகுவதோடு இதை ஒப்பிடவே முடியாது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் 20 முதல் 30 சதவீதத்தினருக்குக் கழுத்தில் ஒரு சுற்றாவது இருக்கும். அதாவது நான்கு அல்லது ஐந்து குழந்தைகளில் ஒன்று. இவர்களில் மிகப் பெரும்பாலோர் சுகப்பிரசவத்தில் நல்லபடியாகப் பிறக்கிறார்கள்.

தலை வெளியே வந்ததும் பிரசவம் பார்க்கும் செவிலியர் விரலால் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். சுற்று தளர்வாக இருந்தால் தலைக்கு மேலாகக் கழற்றி விடுவார். இறுக்கமாக இருந்தால் குழந்தையின் தலையைத் தாயின் தொடையை ஒட்டிப் பிடித்து, உடல் முழுதும் வெளியே வந்த பிறகு சுற்றை அவிழ்ப்பார். அதற்கும் வழியில்லாத அளவுக்கு இறுகியிருந்தால் இரண்டு இடத்தில் கிளிப் போட்டு நடுவில் வெட்டுவார். பயிற்சி பெற்ற கைக்கு இதெல்லாம் சில விநாடி வேலை.

பிரச்சினை வரவே வராதா? வரலாம். சுற்று இறுகி, ஒவ்வொரு வலியின்போதும் கொடி நசுங்கினால் குழந்தையின் இதயத் துடிப்பு சட்டென்று இறங்கும். சாதாரணமாக அது நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். அதனால்தான் வலி நன்றாகப் பிடித்த பிறகு 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறையும், குழந்தை இறங்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் துடிப்பைக் கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆக, முடிவெடுக்க வேண்டியது துடிப்பை வைத்து. ஸ்கேனில் ‘ஒரு சுற்று’ என்று வருவது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது.

இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் (2019-21) படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். ‘கொடி சுத்தியிருக்காம், ஆபரேஷன்தானாம்’ என்று சொல்லப்படும்போது, ‘துடிப்பு எப்படி இருக்கு டாக்டர்?’ என்று குடும்பத்தார் கேட்பதில் தப்பே இல்லை.

அப்படியென்றால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்?

கொடி முந்தி வருவதற்கு. வழக்கமாகக் குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் இறங்கி, பாட்டிலுக்குத் தக்கை போட்டதுபோல் அடைத்துக்கொள்ளும். பனிக்குடம் உடைந்தாலும் தண்ணீர்தான் கசியும், கொடி வெளியே வர இடம் இருக்காது. தலை மேலேயே மிதந்துகொண்டிருந்தாலோ, குழந்தை குறுக்கே படுத்திருந்தாலோ அந்த அடைப்பு இல்லை. தண்ணீர் சடாரென்று உடைந்து ஓடும்போது கொடியும் கூடவே நழுவி வந்துவிடும்.

அதன் பிறகு வரும் ஒவ்வொரு வலியிலும் குழந்தையின் உடல் தன் கொடியின் மேலேயே அழுந்தும். வெளியே வந்த கொடியில் குளிர்ந்த காற்று பட்டாலோ, கை பட்டாலோ குழாய்கள் தாமாகவே சுருங்கவும் செய்யும். இரண்டு வழியிலும் ஆக்சிஜன் நிற்கிறது. இருப்பு என்று குழந்தையிடம் எதுவும் கிடையாது.

எத்தனை பேருக்கு இது நடக்கும்? ஆயிரம் பிரசவங்களில் ஒன்று முதல் ஆறு வரை. கால் அல்லது புட்டம் முதலில் இறங்கும் குழந்தைகளில் இது நூற்றுக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டும்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

● குழந்தை குறுக்காகவோ சாய்வாகவோ கிடப்பது, வாரத்துக்கு வாரம் நிலை மாறிக்கொண்டே இருப்பது

● கால் அல்லது புட்டம் கீழே இருப்பது

● குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை

● பனிக்குட நீர் அளவுக்கு அதிகமாக இருப்பது

● இரட்டைக் குழந்தையில் இரண்டாவது

● பல பிரசவம் ஆகி வயிற்றுத் தசை தளர்ந்திருப்பது

● தலை இறங்காத நிலையில் வலியைத் தூண்டுவதற்காகப் பனிக்குடத்தை உடைத்துவிடுவது

கடைசியில் இருப்பது மருத்துவப் பணியாளர்களுக்கான எச்சரிக்கை. கொடி முந்தும் நிகழ்வுகளில் ஏறத்தாழப் பாதி, பனிக்குடத்தை உடைப்பது போன்ற ஏதோ ஒரு மருத்துவச் செயலுக்குப் பிறகே நடக்கின்றன.

முதல் ஆறில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரியக்கூடியவை. குழந்தை எப்படிக் கிடக்கிறது என்பதைக் கடைசி மாதத்தில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே கிராம சுகாதாரச் செவிலியர் சொல்லிவிட முடியும். சந்தேகம் என்றால் ஒரு ஸ்கேன். இந்த இடத்தில்தான் அஞ்செட்டியின் கதை தொடங்குகிறது.

அஞ்செட்டியில் கணக்கு ஏன் மாறுகிறது?

கொடி முந்திவிட்டால், கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்து குழந்தை உடனே பிறக்கும் நிலை இருந்தாலொழிய, அவசர சிசேரியன்தான் வழி. முடிவெடுத்ததிலிருந்து 30 நிமிடத்துக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் இலக்கு. துடிப்பு இறங்கியிருந்தால் அதைவிடவும் வேகம் தேவை.

இப்போது மேலகிரி மலையைப் பாருங்கள். அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குப் போகும் பாதை காட்டுக்குள் வளைந்து செல்லும் மலைப்பாதை. ஓசூர் வரை போக வேண்டுமானால் ஏறத்தாழ 50 கி.மீ. இந்தக் காடுகள் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டம் வந்து போகும் தடம் இது. இரவில் ரோட்டில் யானை நின்றால் எந்த வண்டியாக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். நாட்றாம்பாளையம், உரிகம் பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து அஞ்செட்டிக்கு வருவதே தனிப் பயணம்.

ஒரு கணக்குப் போடலாம். இரவு 2 மணிக்குத் தண்ணீர் உடைகிறது. 108-க்கு அழைத்து வண்டி வர அரை மணி நேரம், மலை இறங்க ஒரு மணி நேரம், ஆபரேஷன் தியேட்டர் தயாராகக் கால் மணி நேரம் என்று தாராள மனசோடு போட்டாலும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. இலக்கோ 30 நிமிடம்.

உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் நன்றாகவே பார்க்க முடியும். ஆனால் சிசேரியனுக்கு அறுவை அரங்கு, மயக்க மருந்து மருத்துவர், ரத்தம், பச்சிளம் குழந்தைப் பிரிவு எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேண்டும். இதைத்தான் அரசு மருத்துவமனைகளில் ‘சீமாங் சென்டர்’ என்கிறார்கள். அதை ஒவ்வொரு மலைக் கிராமத்துக்கும் கொண்டுபோக முடியாது.

இங்கிலாந்தில் 132 குழந்தைகளை வைத்து 1995-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கொடி முந்தியவர்களில் ஆயிரத்துக்கு 91 குழந்தைகள் இறந்தது தெரியவந்தது. அதாவது மருத்துவமனைக்குள் இருந்தால் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடிகிறது. மருத்துவமனைக்கு வெளியே நடந்தால் இறப்பு பத்து மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று அந்த நாட்டின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் 2014 வழிகாட்டி குறிப்பிடுகிறது. சிக்கல் ஒன்றுதான். அது நடக்கும் இடம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது.

‘ஆஸ்பத்திரிப் பிரசவம்’ போதாதா?

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்கிறது அதே குடும்ப நல ஆய்வு. நாட்டிலேயே முன்வரிசை. ஆனால் பிரசவம் எங்கே முடிந்தது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. வலி எங்கே தொடங்கியது, தண்ணீர் எங்கே உடைந்தது, வண்டி எத்தனை நேரம் ஓடியது என்பதெல்லாம் அதில் கிடையாது.

எல்லைப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஓசூர், கெலமங்கலம் தொழிற்சாலைகளிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் இளம் தம்பதி, வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்பும் வழக்கத்தின்படி பிரிகிறார்கள். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருந்த பெண், சரியாகக் கடைசி இரண்டு மாதத்துக்கு மலைக் கிராமத்துக்குப் போகிறார். ஸ்கேன் ரிப்போர்ட் ஒரு ஊரில், பிரசவம் வேறு ஊரில். கர்நாடகத்தில் ‘தாயி கார்டு’, இங்கே ‘பிக்மி எண்’ என்று பதிவுகளும் தனித்தனி. குழந்தை குறுக்கே கிடக்கிறது என்ற ஒரு வரி, பிரசவம் பார்க்கப்போகும் செவிலியரின் கைக்கே வராமல் போகலாம். எல்லா ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துச்செல்வதும், போன வாரத்திலேயே அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியரைப் பார்ப்பதும் இதனால்தான் முக்கியம்.

கொடி முந்திவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

● உடனே 108. எல்லைப் பகுதியில் முதலில் மாநிலம், தாலுகா, ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். ‘தண்ணி உடைஞ்சு கொடி வெளிய வந்துடுச்சு’ என்று அப்படியே சொன்னால் போதும்.

● வண்டி வரும்வரை தாய் முழங்காலிலும் மார்பிலும் கவிழ்ந்து, தலை தாழ்ந்து இடுப்பு உயர்ந்த நிலையில் இருக்க வேண்டும். குழந்தையின் எடை கொடியை விட்டு விலகும்.

● ஓடும் வண்டியில் அப்படி இருக்க முடியாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்த வேண்டும்.

● கொடியை இழுக்கக் கூடாது, உள்ளே தள்ளக் கூடாது, திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கவும் கூடாது.

● மருத்துவப் பணியாளர் சொல்லாமல் முக்கக் கூடாது.

பயிற்சி பெற்ற செவிலியரோ 108 மருத்துவ உதவியாளரோ வந்துவிட்டால், கையுறை அணிந்த விரல்களால் குழந்தையின் தலையை உள்ளிருந்தே மேலே தாங்கிப் பிடிப்பார்கள். தூரம் அதிகம் என்றால் சிறுநீர்ப்பையில் குழாய் வழியாக 500 முதல் 750 மி.லி. சலைன் ஏற்றுவதும் உண்டு. நிரம்பிய பை தலையை மேலே தள்ளி வைக்கும். இவையெல்லாம் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கும் வழிகள். ஒன்றே முக்கால் மணி நேரத்தை 30 நிமிடமாகச் சுருக்கிவிடாது.

ஸ்கேனில் முன்கூட்டியே தெரியக்கூடிய கொடிச் சிக்கல்கள் உண்டா?

உண்டு. முக்கியமானது, கொடியின் ரத்தக் குழாய்கள் பாதுகாப்புத் திசு இல்லாமல் கர்ப்பப்பை வாயின் குறுக்கே ஓடும் நிலை. சுமார் 2,500 பிரசவங்களில் ஒன்றில் இது வரும். பனிக்குடம் உடையும்போது அந்தக் குழாயும் கிழிந்தால் வெளியேறுவது குழந்தையின் ரத்தம். பிறக்கும் குழந்தையின் உடலில் மொத்தமே கால் லிட்டர் அளவு ரத்தம்தான் இருக்கும். 2004-ல் வெளியான ஆய்வு ஒன்றில், முன்கூட்டியே கண்டறிந்து சிசேரியன் செய்தபோது 97 சதவீதக் குழந்தைகள் பிழைத்தன. தெரியாமல் விட்டபோது 44 சதவீதம் மட்டுமே. கலர் டாப்ளர் ஸ்கேனில் இதைப் பார்க்க முடியும். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஐந்தாம் மாத ஸ்கேனில் சொல்லியிருந்தால், ‘கொடியோட குழாய் எங்க போகுதுன்னு பாத்தீங்களா?’ என்று கேட்பது பயன் தரும்.

கொடியில் விழும் உண்மையான முடிச்சு நூற்றில் ஒரு பிரசவத்தில் இருக்கும். அதைப் பெரும்பாலும் பிறந்த பிறகுதான் பார்க்க முடிகிறது. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023-ல் இதே மாவட்டத்தில் நடந்தது என்ன?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இன்னொரு பக்கம், போச்சம்பள்ளி அருகே 2023 ஆகஸ்டில் வீட்டில் பிரசவித்த 27 வயதுப் பெண் இறந்தார். கணவரே யூடியூப் பார்த்துப் பிரசவம் பார்த்ததாகப் புகார் எழ, போலீஸ் விசாரித்தது. தொப்புள்கொடியைச் சரியாக வெட்டாததால் ரத்தப்போக்கு ஏற்பட்டது என்று செய்திகள் வந்தன.

அந்த மரணத்தின் காரணம் ஒருபுறம் இருக்கட்டும். பொதுவாக ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வது நல்லது. கொடியைத் தப்பாக வெட்டினால் ரத்தம் இழப்பது பெரும்பாலும் குழந்தைதான். பிரசவத்துக்குப் பின் தாயின் உயிரைப் பறிக்கும் ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி பிரியும் இடத்திலிருந்து வருகிறது. கர்ப்பப்பை சுருங்காமல் போனாலோ, நஞ்சு உள்ளேயே தங்கினாலோ, அவசரப்பட்டுக் கொடியைப் பிடித்து இழுத்தாலோ அது நேரும். கருவிகளைச் சுத்தமாக வைத்து, கொடியைச் சரியாக வெட்டத் தெரிந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது அதனால் ஆபத்து. வீடியோ பார்த்துக் கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம். சுருங்காத கர்ப்பப்பைக்கு மருந்தும் ரத்தமும்தான் வேண்டும்.

வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டால்? கொடியை வெட்ட அவசரமே இல்லை. மருத்துவமனையிலேயே குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்துதான் வெட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையைத் துடைத்து, தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி படுக்கவைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்தினால் போதும். வெட்டுவதை 108 ஊழியர் பார்த்துக்கொள்வார். தொப்புளில் சாணம், சாம்பல், மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது.

தீர்வு என்ன?

வண்டியின் வேகத்தைக் கூட்டி இந்தக் கணக்கை வெல்ல முடியாது. வலி வருவதற்கு முன்பே பெண் மலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும்.

மேலே சொன்ன ராயல் கல்லூரி வழிகாட்டியே, குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ நிலை மாறிக்கொண்டிருந்தாலோ 37 வாரம் முடிந்ததும் மருத்துவமனையில் சேர்வது பற்றிப் பேச வேண்டும் என்கிறது. பக்கத்திலேயே பெரிய மருத்துவமனைகள் இருக்கும் நாட்டுக்கே அதுதான் அறிவுரை என்றால், காட்டுப் பாதையில் 50 கி.மீ. தாண்ட வேண்டியவர்களுக்கு அது கூடுதலாகவே பொருந்தும்.

இதற்கான ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மலை, பழங்குடிப் பகுதிகளுக்காகச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் ஏற்கெனவே உண்டு. பிரசவத் தேதி நெருங்கும்போதே வந்து தங்கலாம். கொடிச் சிக்கலைப் பொறுத்தவரை, அந்த அறை ஆபரேஷன் தியேட்டர் உள்ள மருத்துவமனை வளாகத்தில் இருந்தால்தான் முழுப் பலன்.

பெண்கள் ஏன் முன்கூட்டியே வருவதில்லை என்றால், அதில் அறியாமையைவிட வீட்டு நிலவரம் பெரிய காரணம். மூத்த குழந்தையை யார் பார்ப்பது, ஆடு மாட்டை யார் பார்ப்பது, கூட வந்து தங்குபவரின் கூலி போனால் என்ன செய்வது? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் அளிக்கிறது. மத்திய அரசின் தாய்-சேய் நலத் திட்டத்தில் 2011 முதல் அரசு மருத்துவமனைப் பிரசவமும், போக்குவரத்தும், தாய்க்கான உணவும் இலவசம். துணைக்கு வருபவருக்கு உணவும், மூத்த குழந்தைக்கு இடமும் தந்தால்தான் பத்து நாள் முன்னதாக வந்து தங்குவது ஒரு குடும்பத்துக்கு முடிகிற காரியமாகும்.

குடும்பங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 36-37வது வாரத்தில் மூன்று கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். குழந்தையின் தலை கீழே இருக்கிறதா? தலை இறங்கியிருக்கிறதா? அவசரம் என்றால் சிசேரியன் செய்யக்கூடிய மருத்துவமனைக்கு இங்கிருந்து எத்தனை நிமிடம்? முதல் இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்து, மூன்றாவதற்கு மணிக்கணக்கில் பதில் வந்தால், பிரசவம் மலையில் தொடங்கக் கூடாது. ஓசூரில் உறவினர் வீடு இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் மருத்துவமனையில் பேசிக் காத்திருப்பு அறையில்.

கழுத்தைச் சுற்றிய கொடியைச் செவிலியரின் இரண்டு விரல் கழற்றிவிடும். எண்ணெயில் முகம் பார்க்கும் மாமன் தாராளமாக நேரிலேயே பார்க்கலாம். அவர் செய்யக்கூடிய உதவி அதற்கு முன்னால் இருக்கிறது: தங்கையை வலி வருவதற்குப் பத்து நாள் முன்பே மலையிலிருந்து இறக்கிக் கூட்டி வருவது.